பெரிய வண்டி வராத ரோடு, பார்க் விதிகள் வேறு: பேக்கர்ஸை எப்படிப் பேசி முடிப்பது?

மேட்டுவீடு
அடுத்த மாதம் ஜாகை மாற்றம். புது வீடு ஒரு குடியிருப்பு பார்க்குக்குள் (கேட்டும் சொந்த விதிகளும் உள்ள வீட்டு வளாகம்), சரிவில் இருக்கிறது. மெயின் ரோட்டிலிருந்து பார்க் கேட் 1.2 கிலோமீட்டர். நடுவில் ஒரு சின்னப் பாலம், பலகையில் "6 டன்" என்று போட்டிருக்கிறது. கேட்டிலிருந்து வீட்டு வாசல் 180 மீட்டர், ஏற்றம், நடுவில் ஒரு எல் வளைவு. பார்க் விதி: 20 அடிக்கு மேல் நீளமான வண்டி கூடாது, காலை 10 முதல் மாலை 4 வரைதான், ஞாயிறு கிடையாது, ஒரு வீட்டுக்கு ஒரு நாளில் ஒரு வண்டி ஒரு முறைதான் உள்ளே வரலாம்.

சாமான் இரண்டு படுக்கையறை வீட்டு அளவு. டபுள் டோர் ஃபிரிட்ஜ், முன்பக்கம் கதவு வைத்த வாஷிங் மெஷின், இரும்பு பீரோ இரண்டு, இன்வெர்ட்டர் பேட்டரி, சுமார் 90 பெட்டி.

வீட்டுச் சாமானைக் கட்டி ஏற்றிக் கொண்டுபோகும் பேக்கர்ஸ் கம்பெனி மூன்றிடம் கேட்டாயிற்று. இரண்டு பேர் "பெரிய வண்டியிலிருந்து சின்ன வண்டிக்கு மாற்றித்தான் கொண்டு போகணும்" என்கிறார்கள். மூன்றாமவர் "வண்டி வாசல் வரைக்கும் வரும் சார், பிரச்சனையே இல்லை" என்கிறார், தொகையும் குறைவு. யாரை நம்புவது?

லோடுகணக்கு
மூன்றாமவர் ரோட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னாரா, பார்க்காமல் சொன்னாரா? அதைக் கேட்ட பிறகுதான் தொகையைப் பற்றிப் பேச்சு. பார்க்காமல் சொன்ன "பிரச்சனையே இல்லை", வண்டி பாலத்துக்கு முன்னால் நின்றதும் "எக்ஸ்ட்ரா ஆகும் சார்" என்று மாறும். சாமான் முழுக்க அவர்கள் வண்டியில் இருக்கும்போது பேரம் பேச உங்களுக்குப் பிடி கிடையாது.

கணக்கைப் பார்ப்போம். உங்கள் சாமான் சுமார் 700 கன அடி வரும். வீட்டுச் சாமானுக்குக் கன அடிக்குச் சுமார் 3.2 கிலோ என்பது இந்தத் தொழிலில் புழங்கும் கணக்கு. ஆக 2,200 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே.

14 அடி வண்டியின் பாடி (சாமான் ஏற்றும் பகுதி) 14 × 6 × 6 என்றால் 504 கன அடி. அடுக்கும்போது இடுக்கு விழும், அதனால் 85 சதவீதம்தான் உருப்படியாகக் கிடைக்கும்: 430 கன அடி. அப்படியானால் இரண்டு நடை. குட்டியானை மாதிரி மினி வண்டி 7 × 5 × 5 என்றால் 175, அடுக்கக் கிடைப்பது 150. ஐந்து நடை. அதில் எடை வரம்பு வருவதற்கு முன்பே இடம் தீர்ந்துவிடும். 150 கன அடி வீட்டுச் சாமான் 500 கிலோவைக்கூடத் தொடாது.

இப்போது முக்கியமான பொறி: "14 அடி வண்டி", "17 அடி வண்டி" என்று சொல்வது பாடியின் நீளத்தை. கேபினோடு சேர்த்தால் 14 அடி வண்டி ஏறக்குறைய 20 அடியைத் தொடும், 17 அடி வண்டி 23 அடிக்குப் பக்கத்தில் போகும். பார்க் விதியில் இருக்கும் 20 அடி பாடியா, மொத்த நீளமா? கம்பெனிக்காரர் பாடியைச் சொல்வார், கேட் வாட்ச்மேன் மொத்தத்தை அளப்பார். பார்க் ஆபீஸில் எழுத்தில் வாங்குங்கள். வண்டியின் மொத்த நீளத்தையும் டிரைவரை டேப் வைத்து அளந்து அனுப்பச் சொல்லுங்கள்.

பின்சக்கரம்
ஓட்டுகிறவன் பக்கத்திலிருந்து கொஞ்சம்.

பாலத்துப் பலகையில் இருக்கும் 6 டன் மொத்த எடை. சரக்கு, வண்டி, டீசல், உட்கார்ந்திருக்கும் ஆள் எல்லாம் சேர்த்து. காலி எடை வண்டியின் பதிவுப் புத்தகத்தில் இருக்கும், போட்டோ கேளுங்கள். காலி எடை 3 டன் உள்ள வண்டியில் உங்கள் 2.2 டன் ஏற்றினால் 5.2, போகலாம். காலியிலேயே 4 டன் வண்டி என்றால் தாண்டிவிடும். இன்னொன்று, தொகை குறைவாகச் சொல்கிறவர்கள் பல சமயம் வேறொரு வீட்டுச் சாமானையும் அதே வண்டியில் சேர்த்து ஏற்றுவார்கள். அப்போது உங்கள் கணக்கு செல்லாது. "தனி வண்டியா, சேர்ந்த லோடா" என்று கேட்டே ஆகணும்.

அகலம்: பாடி 7 அடி என்றால் கண்ணாடியோடு எட்டரை. கேட்டை அளக்கும்போது தூணுக்குத் தூண் அளக்காதீர்கள். கதவு முழுக்கத் திறந்து நிற்கும்போது கதவுக்குக் கதவு அளங்கள். கீலில் சில அங்குலம் போய்விடும். கதவு 90 டிகிரிக்கு மேல் திறக்காவிட்டால் வண்டி சாய்ந்து நுழையும்போது பின்பக்கம் இடிக்கும்.

உயரம்: ஒயர், கிளை, கேட்டு வளைவு. மூன்றையும் இருப்பதிலேயே தாழ்ந்த இடத்தில் அளக்கணும். ஒயர் வெயிலில் தொய்யும், கிளை மழையில் நனைந்தால் இறங்கும். பலர் மறக்கிறது: லோடு இறக்கிய வண்டியின் ஸ்பிரிங் நிமிர்ந்து சில சென்டிமீட்டர் உயர்ந்து நிற்கும். உரசாமல் உள்ளே வந்த வண்டி வெளியே போகும்போது வளைவில் மாட்டுவது அதனால்தான். ஒரு சாண் இடைவெளி இல்லாமல் நுழையவே கூடாது.

எல் வளைவு: பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டும். முன்சக்கரம் 7 மீட்டர் ஆரத்தில் திரும்பினால், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி 3.4 மீட்டர் உள்ள வண்டியின் பின்சக்கரம் சுமார் 0.9 மீட்டர் உள்ளே வரும். இடைவெளி 4.2 மீட்டர் என்றால் 1.4 மீட்டர். அந்த உள்மூலையில் என்ன இருக்கிறது? புல் என்றால் விதிப்படி அபராதம். மூடி போட்ட சாக்கடை என்றால் மூடி உடைந்து சக்கரம் இறங்கும். மூலையைத் தனியாக ஒரு போட்டோ எடுங்கள்.

மேட்டுவீடு
தண்ணீர் லாரி வாரம் மூன்று முறை உள்ளே வருகிறது என்று செக்யூரிட்டி சொல்கிறார். அது வந்தால் இதுவும் வராதா?

பின்சக்கரம்
தண்ணீர் லாரி எடைக்குச் சாட்சி. நீளத்துக்கும் உயரத்துக்கும் சாட்சி இல்லை. டேங்கர் குட்டை, தொட்டி கேபின் உயரத்தை ஒட்டித்தான் இருக்கும். பேக்கர்ஸ் வண்டியின் மூடிய பாடி கேபினுக்கு மேல் இரண்டு மூன்று அடி எழும்பி நிற்கும். டேங்கர் சக்கரத் தடத்தைப் பார்த்து ஓரம் தாங்குமா என்று தெரிந்துகொள்ளலாம், அவ்வளவுதான். அது அந்தப் பாலம் வழியாகத்தான் வருகிறதா என்பதையும் கேளுங்கள், சுற்றுவழி இருக்கலாம்.

கேட்2
பார்க் நிர்வாகப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். விதிப் புத்தகத்தில் இருப்பது பாதி, வாட்ச்மேனிடம் இருக்கும் வழக்கம் பாதி. ஆபீஸிடம் கேட்க வேண்டியவை:

"மாலை 4" என்றால் உள்ளே வர 4 மணியா, காலி வண்டி வெளியே போய்ச் சேர 4 மணியா? பெரும்பாலும் இரண்டாவது. 3:30க்குப் பாதி லோடு மீதி இருந்தால் அப்படியே திருப்பி அனுப்புவார்கள். இரவு அந்த வண்டி எங்கே நிற்கும், அதற்கு யார் பொறுப்பு என்பது தனித் தலைவலி.

"ஒரு வண்டி, ஒரு முறை" விதியும் "20 அடிக்கு மேல் கூடாது" விதியும் ஒன்றோடொன்று மோதுகின்றன. சின்ன வண்டி என்றால் இரண்டு நடையாவது வேண்டும் என்பது விதி எழுதியவர்களுக்குத் தெரியாமலே இருக்கலாம். சண்டை போடாதீர்கள். 20 அடிக்கு உட்பட்ட ஒரே வண்டி, ஒரே பதிவெண், அதிகபட்சம் 2 நடை, இன்ன தேதி என்று எழுதி விலக்கு கேளுங்கள். ஐந்து நடை மினி வண்டியைவிட இரண்டு நடைக்கு அனுமதி கிடைப்பது சுலபம். கிடைக்காவிட்டால் அடுத்தடுத்த இரண்டு நாள், நாளுக்கு ஒரு நடை.

அனுமதி மெயில் ஆபீஸுக்கும் உங்களுக்கும் நடுவில் இருக்கும், கேட்டில் நிற்பவர் கையில் இருக்காது. அச்செடுத்து சீல் வாங்கி மூன்று நகல் வையுங்கள்: கேட், டிரைவர், உங்கள் கை. ஆட்களின் பெயர்ப் பட்டியலும் அடையாள அட்டையும் முதல் நாளே கொடுத்தால் காலையில் அரை மணி மிச்சம். வண்டிக்காரர் கடைசி நிமிடத்தில் வேறு வண்டி அனுப்பினால் பதிவெண் பொருந்தாது, அங்கேயே நிறுத்திவிடுவார்கள். மாற்று வண்டியின் எண்ணையும் அனுமதியில் சேர்த்து வாங்குவது புத்திசாலித்தனம்.

மரத்தில் கயிறு கட்டக்கூடாது, பேவர் கல் மேல் ஜாக்கி வைக்கக்கூடாது, பேக்கிங் குப்பை அன்றே வெளியே போகணும். இதை மீறினால் அபராதம் பேக்கர்ஸுக்கு வராது, வீட்டுக்காரர் பெயரில்தான் வரும். அதனால் இந்த விதிகளை ஒப்பந்தத்தோடு இணைத்து அவர்களிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

கயிறுகட்டு
வண்டி எப்படி ஏறணும் என்று யாரும் சொல்லவில்லையே. உள்ளே திருப்ப இடம் இல்லையென்றால் ரிவர்ஸிலேயே ஏற்றிவிடணும். அப்போதுதான் வெளியே நேராக இறங்கலாம். பின்கதவும் மேட்டைப் பார்த்து இருக்கும், திறந்ததும் சாமான் வழுக்கி விழாது.

பின்சக்கரம்
கதவு விஷயம் சரி, அண்ணே. ஆனால் பின்சக்கரம் இழுக்கும் வண்டியை மேட்டில் ரிவர்ஸ் எடுத்தால் எடை முன்பக்கம் சாயும், பின்சக்கரத்தில் பிடி குறையும். லோடு இருக்கும்வரை சமாளிக்கும். ஈரமான சிமென்ட் ரோடு, 8 டிகிரிக்கு மேல் ஏற்றம் என்றால் சுழல ஆரம்பிக்கும். அதோடு எல் வளைவை 180 மீட்டர் ரிவர்ஸில் எடுக்கணும்.

மேட்டுவீடு, உங்கள் ஏற்றம் எவ்வளவு? போனில் மட்டம் பார்க்கும் ஆப் இருக்கும். நீளமான நேரான பலகையை ரோட்டில் வைத்து, அதன்மேல் போனை வைத்துப் பாருங்கள். 5 டிகிரி என்றால் 100 அடிக்கு 9 அடி ஏற்றம். 10 டிகிரி என்றால் கிட்டத்தட்ட 18 அடி.

மேட்டுவீடு
பார்த்தேன். பெரும்பாலும் 5, வளைவு தாண்டி ஒரு 30 மீட்டர் மட்டும் 9. வீட்டுக்கு முன்னால் வண்டி திருப்ப இடம் இல்லை. வளைவுக்கு முன்னால் இடதுபக்கம் ஒரு சமதளம் இருக்கிறது, விருந்தாளிகள் கார் நிறுத்தும் இடம்.

கயிறுகட்டு
9 என்றால் நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். அந்தச் சமதளத்தில் நிறுத்துங்கள். அங்கிருந்து வாசல் எவ்வளவு தூரம்?

மேட்டுவீடு
70 மீட்டர்.

கயிறுகட்டு
அப்படியானால் 9 டிகிரியில் வண்டியை நிறுத்தி இறக்குவதைவிட 70 மீட்டர் தூக்குவதே மேல். சரிவில் நிற்கும் வண்டியில் ஹைட்ராலிக் லிஃப்ட் தட்டு மட்டமாக நிற்காது, தள்ளுவண்டி தானாக ஓடும், உள்ளே ஏறி இறங்குகிற ஆளுக்குக் கால் நிற்காது. சமதளத்தில் நிறுத்தினாலும் சக்கரத்துக்குக் கட்டை போடணும், ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பக்கூடாது. அந்த கார் பார்க்கிங்கை அன்றைக்கு ஒதுக்கித் தரச் சொல்லி அனுமதியில் ஒரு வரி சேருங்கள், இல்லாவிட்டால் அங்கே நாலு கார் நிற்கும்.

தள்ளுவண்டியில் ஏற்றம் ஏறுவது இரண்டு ஆள் வேலை: ஒருவர் மேலிருந்து இழுக்க, ஒருவர் கீழிருந்து தள்ள. ஃபிரிட்ஜுக்கு வார்ப்பட்டை கட்டாமல் ஒரு அடிகூட நகர்த்தக்கூடாது. பீரோவை, லாக்கரையும் சேர்த்து, காலி செய்து பூட்டி, கதவு திறக்காமல் குறுக்கே பட்டை கட்டி நாலு பேர் தூக்கணும்.

லோடுகணக்கு
70 மீட்டர் என்றால் நேரக் கணக்கு இப்படி வரும். சுமையோடு ஏற்றத்தில் நொடிக்கு 0.8 மீட்டர், வெறுங்கையோடு இறக்கத்தில் 1.2 மீட்டர். போக 88 நொடி, வர 58 நொடி, தூக்கி இறக்க ஒரு நிமிடம். ஒரு சுற்று ஏறக்குறைய மூன்றரை நிமிடம். பெட்டியும் உதிரியுமாக 150 சுமை, 5 ஆள்: ஆளுக்கு 30 சுற்று, 105 நிமிடம். கனச் சாமானுக்கு ஒரு மணி, ஓய்வுக்கு அரை மணி. மொத்தம் மூன்றேகால் மணி நேரம்.

கேட்டிலிருந்தே 180 மீட்டர் தூக்கினால் அதே கணக்கில் ஒரு சுற்று ஏழு நிமிடத்துக்கு மேல், பெட்டிக்கு மட்டும் மூன்றரை மணி. 10 மணிக்குத் தொடங்கி 4 மணிக்குள் முடிவது சந்தேகம். ஒப்பந்தத்தில் "தூக்கும் தூரம்" எவ்வளவு வரை இலவசம் என்று ஒரு எண் இருக்கும். அதை வாசலிலிருந்து அளக்கிறார்களா, வண்டி நிற்கும் இடத்திலிருந்து அளக்கிறார்களா, மூலைக்கு மூலை நேர்கோடா, நடக்கும் வழியா என்று எழுதி வாங்குங்கள். உங்கள் 70 மீட்டரை முதலிலேயே சொல்லி விலைக்குள் அடக்கிவிட்டால் இந்தச் சண்டையே வராது.

நடை இரண்டுக்கு நேரம் போதணுமானால் முதல் நடைக்கான சாமான் 9:45க்கே சின்ன வண்டியில் ஏறி கேட்டில் நிற்கணும். மாற்றும் வேலையை மெயின் ரோட்டுப் பக்கம் அதற்கு முன்பே முடிக்கணும். எங்கே மாற்றுவது என்று கம்பெனி சொல்லட்டும்: சமதளம், நிறுத்த அனுமதி உள்ள இடம், இரண்டு வண்டியும் பின்பக்கம் பின்பக்கமாகச் சேர்ந்து நிற்க நீளம். ரோட்டோரம் என்றால் ஏதாவது தொலையும்.

மேட்டுவீடு
பழைய வீட்டில் ஏற்றும்போது ஏதாவது வரிசை பார்க்கணுமா?

லோடுகணக்கு
நல்ல கேள்வி, யாரும் கேட்பதில்லை. கடைசியில் ஏறியது முதலில் இறங்கும். நடுவில் ஒரு முறை வண்டி மாறினால் வரிசை தலைகீழாகிவிடும்.

பெரிய வண்டியில் இரண்டாம் நடைச் சாமானை முதலில், உள்பக்கம் ஏற்றுங்கள். முதல் நடைச் சாமான் கடைசியில், கதவுப் பக்கம். நடுவில் ஒரு தார்ப்பாய் தொங்கவிட்டால் எல்லை தெரியும். இப்போது முதல் நடைக்குள்ளே மட்டும் பாருங்கள்: புது வீட்டில் முதலில் இறங்க வேண்டியது சின்ன வண்டியில் கடைசியில் ஏறணும், அதாவது பெரிய வண்டியிலிருந்து கடைசியில் இறங்கணும், அதாவது அந்தக் குவியலில் முதலில் ஏறியிருக்கணும். பீரோ, கட்டில், ஃபிரிட்ஜ் முதலில் இறங்கினால் அறைகளில் சுவர் ஓரம் நிற்கும், பெட்டிகளை அதற்குப் பிறகு அடுக்கலாம். ஆகவே கனச் சாமானை முதல் நடைக் குவியலின் உள்பக்கம் வையுங்கள்.

பெட்டியில் எண் மட்டும் போதாது, நடை எண்ணும் வேணும். 1-23, 2-07 என்று இரண்டு பக்கமும், மேலேயும் எழுதுங்கள். மாற்றும் இடத்தில் ஒருவர் பட்டியலோடு நின்று டிக் அடிக்கணும். அது உங்கள் ஆளாக இருக்கட்டும்.

சரக்குச்சீட்டு
காப்பீடு பற்றி யாரும் தொடவில்லை. வண்டி மாறும் வேலையில் ஓட்டை விழுவது இங்கேதான்.

சரக்குச் சீட்டில் பெரிய வண்டியின் எண் மட்டும் இருக்கும். சின்ன வண்டி பெரும்பாலும் கம்பெனியுடையது அல்ல, அன்றைக்கு வாடகைக்குப் பிடித்தது. சேதம் மாற்றும் இடத்திலோ சின்ன வண்டியிலோ நடந்தால் "எங்கள் வண்டியில் நடக்கவில்லை" என்பார்கள். வழியில் வண்டி மாற்றுவதும், வாடகை வண்டியும், இறக்கித் தூக்கிச் செல்வதும் பாலிசிக்குள் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். சீட்டில் இரண்டு வண்டி எண்ணும் வரட்டும். நீங்களே கட்டிய பெட்டிக்குள் உடைந்தால் பல பாலிசிகள் தராது. கண்ணாடி, பீங்கான் பெட்டிகளை அவர்களே கட்டட்டும்.

வாஷிங் மெஷினுக்கு டிரம்மைப் பிடித்து வைக்கும் போல்ட், வாங்கும்போது பின்னால் இருந்தவை, மூன்றோ நாலோ, திரும்பப் போடணும். போடாமல் இந்த மாதிரி ரோட்டில் குலுங்கினால் தொங்கும் டிரம் ஆடி சஸ்பென்ஷன் போய்விடும், வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது, அதனால் கேட்டுப் பெறவும் முடியாது. பேட்டரி 50 கிலோவுக்கு மேல் இருக்கும், நிமிர்த்தித்தான் வைக்கணும், முனைகளுக்கு மூடி போட்டு டேப் சுற்றணும். கேஸ் சிலிண்டரை ஏற்றவே கூடாது.

காட்டோரம்
இழைக்குக் கொஞ்சம் வெளியே, ஆனால் தேடி வருகிறவர்களுக்கு உதவும். குடியிருப்பு பார்க்காக இல்லாமல், வனப் பூங்கா எல்லைக்குள் போகும் ரோடு என்றால் இரவில் செக்போஸ்ட் மூடும் இடங்கள் உண்டு. வண்டி மூடும் நேரத்துக்கு முன்பே உள்ளே போவது போதாது, வெளியேயும் வந்துவிடணும். வழியில் நிறுத்தி சாமான் மாற்றுவது அங்கே பெரும்பாலும் நடக்காது. மாற்றும் இடம் எல்லைக்கு வெளியே இருக்கணும். டிரைவருக்குப் போன் சிக்னல் கிடைக்காமல் போகும், அதனால் வழியைத் தாளில் வரைந்து கொடுங்கள்.

மேட்டுவீடு
எல்லாவற்றையும் சேர்த்து மூன்று கம்பெனிக்கும் ஒரே மாதிரி அனுப்பப் போகிறேன். பார்த்துச் சொல்லுங்கள்:

"சாமான் சுமார் 700 கன அடி, 2.2 டன், 90 பெட்டி. கனச் சாமான் பட்டியல் இணைப்பில். வழியில் பாலம், மொத்த எடை 6 டன். பார்க் கேட் கதவுக்குக் கதவு 9 அடி 4 அங்குலம். வண்டி மொத்த நீளம் 20 அடிக்குள். வளைவில் உள்மூலையில் மூடிய சாக்கடை. வண்டி சமதளத்தில் நிற்கும், அங்கிருந்து வாசல் நடைவழி 70 மீட்டர், கடைசி 30 மீட்டர் 9 டிகிரி ஏற்றம். நேரம் 10 முதல் 4, காலி வண்டி 4 மணிக்குள் வெளியே. அதிகபட்சம் 2 நடை. வேண்டியது: வண்டி எண்கள், பதிவுப் புத்தக நகல், ஆள் எண்ணிக்கை, மாற்றும் இடம், தூக்கும் தூரமும் காத்திருப்பும் சேர்த்த முழுத் தொகை. இதற்கு மேல் எதுவும் தரப்படாது. மெயின் ரோட்டிலிருந்து வாசல் வரை எடுத்த வீடியோ இணைப்பில்."

பின்சக்கரம்
உயரம் எங்கே? ஒயருக்கும் கேட்டு வளைவுக்கும் ஒரு எண் வேண்டும். வீடியோவை எத்தனை மணிக்கு எடுத்தீர்கள்? வண்டி வரும் நேரத்திலேயே எடுங்கள், ரோட்டோரம் நிற்கும் கார்களும் தெரியட்டும். குறுகலான இடங்களில் 5 அடி குச்சி ஒன்றைக் குறுக்கே பிடித்துக் காட்டினால் டிரைவருக்கு அளவு புரியும்.

கேட்2
அனுமதி கைக்கு வருவதற்கு முன் தேதி குறிக்காதீர்கள், முன்பணமும் கொடுக்காதீர்கள். 2 நடைக்கு விலக்கு கிடைக்காவிட்டால் இந்தக் கடிதத்தில் பாதி மாறும்.

மேட்டுவீடு
கேட்டு வளைவு 11 அடி 2 அங்குலம், ஒயர் 13 அடி. அனுப்பியாயிற்று. "பிரச்சனையே இல்லை" என்றவர் இதைப் படித்துவிட்டு, அவருடைய வண்டி உயரம் 11 அடி என்கிறார்.

பின்சக்கரம்
லோடோடா, காலியாகவா?